ஒரே ஓனர் வேகன்

கொழும்பு வெள்ளவத்தையில் வாகனம் விற்க நினைத்த தமிழ்ச் சனம் அந்த நாட்களில் பேப்பரில் விளம்பரம் போட முதல் நாகேந்திரத்தைத் தேடிப் போகும். அவருக்கென்று ஒரு கந்தோர் கிடையாது. காலி வீதிச் சைவக்கடை ஒன்றில், வாசலுக்கு இடப்பக்க மேசைதான் அவருடைய கந்தோர். எட்டரைக்கு வந்து ஒரு பிளேன்டீயோடு குந்தினாரென்றால் மத்தியானம் வரைக்கும் எழும்பமாட்டார். கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை, வாகனம் பார்க்க வருகிற ஆட்கள் நாலு வடையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

ஆள் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். எண்பத்தேழில் ஒரு சூட்கேஸோடு கொழும்புக்கு வந்தவர். ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் மனைவி பாலேஸ்வரியோடும் மூன்று பெண் பிள்ளைகளோடும் இருந்தார். நாகேந்திரம் பொய் சொல்லமாட்டார் என்று ஒரு பெயர் எடுத்திருந்தார். அது பாதிதான் சரி. ஒரே உண்மையை விற்கிறவருக்கு அழுதும் வாங்குகிறவருக்குச் சிரித்தும் சொல்லத் தெரிந்தவர், அவ்வளவுதான். புரோக்கர் வேலையே அதுதானே என்று கேட்பார். கேட்டால் பதில் சொல்லவும் கஷ்டம்.

அவருடைய பலவீனம் ஸ்டேஷன் வேகன். சாதாரணக் கார் வந்தால் டயரையும் என்ஜினையும் பார்ப்பார். வேகன் வந்தால் சுற்றிச் சுற்றி வருவார், பின் கதவைத் தூக்கித் தூக்கி மூடுவார். அதிலும் செல்லையா எஞ்சினியரின் பென்ஸ் 123 வேகன் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். சாம்பியாவில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்த செல்லையா, திரும்பி வரும்போது கப்பலில் கூடவே கொண்டுவந்த வண்டி அது. கிறீம் நிறம், டீசல் என்ஜின், கூரையில் வெள்ளித் தண்டுகள். கடைசியில் பின்னோக்கிப் பார்த்தபடி ஒரு குட்டி சீட். செல்லையாவின் ஒரே மகள் அந்தச் சீட்டில் இருந்து பின்னால் வருகிற பஸ்காரருக்கெல்லாம் கை காட்டித்தான் வளர்ந்தாள். பிறகு மெல்பேர்னுக்குப் போய்விட்டாள்.

அந்த வண்டியில் இன்னுமொரு விசேஷம் இருந்தது. பின்னுக்கு எவ்வளவு பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. எண்ணெய் அழுத்தத்தில் தானாகவே நிமிர்ந்து மட்டமாக நிற்கும். ஜெர்மன்காரன் பெருமையோடு செய்து வைத்த வேலை. ஆனால் கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி வந்த பிறகு அந்தப் பெருமையே வில்லங்கமாகப் போனது. ஆமிக்காரர்கள் வாகனத்தின் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் உள்ளே பாரம் இருக்கிறதா இல்லையா என்று கணக்குப் போடுவார்கள். இது எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். பின்னால் அவ்வளவு பெரிய இடம், ஓட்டுகிறவர் தமிழர். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் இறக்கு என்பார்கள். அறுபத்தெட்டு வயதில், ஹேர்னியா ஒப்பரேஷன் செய்த உடம்போடு, நடு றோட்டில் அரிசி மூட்டையை இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றிச் செல்லையாவுக்கு அலுத்துவிட்டது. தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒருநாள் சைவக்கடைக்கு வந்து, "தம்பி, இதை வித்துத் தாரும்" என்றார்.

நாகேந்திரத்துக்கு உள்ளுக்குள் துள்ளியது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் பாட்டை ஆரம்பித்தார். கம்பனி இந்த மாடலை நிறுத்திப் பத்து வருஷமாகிறது ஐயா, சாமான் எடுக்கிறது கஷ்டம். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் தமிழ்ப் பெயர் இருக்கிறது, சிங்கள ஆட்கள் யோசிப்பார்கள். வேகன் என்றாலே இப்ப சனத்துக்குப் பயம். சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கம்பனி நிறுத்தியபடியால்தான் இந்த மாடலுக்கு ஆட்கள் அலைகிறார்கள், இனி ஒரு வேகன் இப்படி வராது என்று தெரிந்த ஹோட்டல் முதலாளிமார் சொன்ன விலை தருவார்கள், சண்டை ஓய்ந்தால் அது இரட்டிப்பாகும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு கிழமை கழித்து, கிராண்ட்பாஸில் ராசிக் என்று ஒரு வியாபாரி இருக்கிறார், பெரிய குடும்பம், அவர்தான் எடுக்கச் சம்மதம் என்று நாகேந்திரம் வந்து சொன்னார். அவர் சொன்ன விலை பெறுமதியில் அரைவாசியும் வராது. செல்லையா பேரம் பேசவில்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குப் போகிறதே, அந்தக் குட்டி சீட்டில் யாராவது இருப்பார்கள் என்று சந்தோஷப்பட்டார்.

ராசிக் என்று ஒருவரும் இல்லை. பாலேஸ்வரியின் நகையை அடைவு வைத்து வண்டியை வாங்கியவர் நாகேந்திரம்தான்.

வாங்கியதைத் தன் பெயருக்கு மாற்றவுமில்லை. கொழும்பில் வாகனம் கைமாறுகிற விதம் அப்படி. பெயர் மாற்றுகிற படிவத்தில் விற்கிறவர் கையெழுத்தை வாங்கி, வாங்குகிறவரின் இடத்தை வெறுமையாக வைத்திருப்பார்கள். ஓப்பன் பேப்பர் என்று அதற்குப் பெயர். நடுவில் எத்தனை பேரின் கைக்குப் போனாலும் புத்தகத்தில் முதல் ஆளின் பெயர் மட்டும்தான் நிற்கும். 'ஒரே ஓனர்' என்று சொல்லி விற்கலாம், விலை ஏறும். ஆகவே, வண்டி நாகேந்திரத்தின் கையில் இருந்தது, அரசாங்கத்தின் கணக்கில் அது இன்னும் செல்லையாவின் வண்டி.

ஏழு மாதம் அது கிராண்ட்பாஸில் புவாத் என்ற சினேகிதரின் கராஜில் நின்றது. நாகேந்திரம் கிழமைக்கு ஒருதரம் போய்த் துடைத்துவிட்டு, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு வருவார். பிறகு புவாத்தின் மகள் ஷபீகாவுக்குக் கலியாணம் வந்தது. கராஜில்தான் சமையல். நாலு நாளைக்கு வண்டியை வேறு எங்கேயாவது போடச் சொன்னார் புவாத். நாகேந்திரம் அதைக் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் மதிலோரமாக விட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெயிலில் பெயின்ற் மங்கினால் விலை போய்விடுமே என்று முழு வண்டியையும் தார்ப்பாயால் மூடி, நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார். குண்டுக்குப் பயந்து நடுங்குகிற ஊரில், ஆருக்கும் தெரியாத வாகனத்தை மூடிக் கட்டிவிட்டுப் போன மனுஷன் அவர் ஒருவராகத்தான் இருக்கும். விலையைத் தவிர வேறு எதுவும் அவருடைய மண்டையில் ஏறவில்லை.

மூன்றாம் நாள் ஒழுங்கைச் சனம் பொலிசுக்குச் சொல்லிவிட்டது. தார்ப்பாயை அவிழ்த்தார்கள், நம்பரைப் பார்த்தார்கள், புத்தகப் பெயரை எடுத்தார்கள், வண்டியைப் பொலிசுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் காலையில் செல்லையாவை வீட்டில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

மத்தியானம் செல்லையாவின் மனைவி ஜெகதீஸ்வரி பாலேஸ்வரிக்கு ரெலிபோன் எடுத்தார். சத்தம் போடவில்லை, உங்கள் மனுஷனால்தான் வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவசரமாக ஒன்றுதான் சொன்னார்.

"தம்பியை எங்கடை வீட்டுப் பக்கம் வரவேண்டாம் எண்டு சொல்லும் பிள்ளை. புரோக்கர் ஆர் எண்டு பொலிஸ் கேக்குதாம். இவர் பேர் தெரியாது எண்டு சொல்லியிருக்கிறார். தம்பியைப் பிடிச்சால் லேசிலை விடமாட்டாங்கள், மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

பாலேஸ்வரி அதைச் சொன்னபோது நாகேந்திரத்துக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்துத்தான் பின்னாளில் அவர் அதிகம் வெட்கப்பட்டார். மனுஷன் ஒருவர் தனக்காக உள்ளே இருக்கிறார் என்று கேட்டவுடன் நெஞ்சு பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. அப்பாடா என்று இருந்தது.

கலியாண வீட்டுச் சட்டிபானை இன்னும் கழுவிக் கவிழ்க்காத புவாத்தின் கராஜில் மூன்று நாள் பதுங்கி இருந்தார். ஒவ்வொரு காலையும் போய்ச் சொல்லிவிடுவது என்று சேர்ட்டை மாட்டுவார். வண்டி என்னுடையது, அந்த மனுஷனை விடுங்கோ என்று நாலு வார்த்தை, சிங்களத்திலும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போவார். பஸ் வரும், போகும். அவர்களே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே, போனால் செல்லையா சொன்னது பொய்யென்று ஆகி அவருக்குத்தானே இன்னும் கஷ்டம் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு திரும்பி வருவார். விற்கிறவரிடமும் வாங்குகிறவரிடமும் காட்டிய அதே கெட்டித்தனத்தைத் தன்னிடமே காட்டினார். வாங்குகிறவரும் அவர்தானே, உடனே வாங்கிக்கொண்டார்.

நாலாம் நாள் செல்லையாவை விட்டார்கள். வண்டிக்குள் ஒன்றும் இல்லை, ஆள் ஓய்வூதியக்காரர், சட்டத்தரணியும் வந்து பேசினார். நாகேந்திரம் மேலும் இரண்டு நாள் பொறுத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். செல்லையா சாய்மனைக் கதிரையில் இருந்தார். இடது கன்னம் கறுத்து வீங்கியிருந்தது. கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருந்தார். நாகேந்திரம் அந்தக் கன்னத்தைப் பார்க்காமல் பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செல்லையா தன்னைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அவருடைய கவலையெல்லாம் ராசிக்தான். காசு கொடுத்து வாங்கிய வண்டி அந்த மனுஷனுக்கு இல்லாமல் போயிற்றே, எங்கடை பெயரால் அவருக்கு இந்த வில்லங்கம் வந்ததே என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். வாங்கியது ஒரு முஸ்லிம் ஆள் என்று மட்டும் பொலிசில் சொன்னாராம், பெயரைச் சொல்லவில்லையாம். வண்டியை விடுவித்துக்கொள்ளும்படி ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். அதை நாகேந்திரத்தின் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை தொழுகை முடியக் கட்டாயம் ராசிக்கைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், நேரில் மன்னிப்புக் கேட்டால்தான் தனக்கு நித்திரை வரும் என்றார். ஜெகதீஸ்வரி பக்கத்தில் நின்று தலையாட்டினார். அவர் முகத்தில் அழுத அடையாளம் இருந்தது, கூடவே ஒரு பெருமையும் இருந்தது. இவர் அடி வாங்கியும் ரெண்டு பேரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று நாகேந்திரத்திடமே சொன்னார்.

நாகேந்திரத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஓம் ஐயா, கூட்டிக்கொண்டு வாறன் என்றுதான் வாயில் வந்தது.

நேரே கிராண்ட்பாஸுக்குப் போனார். வெட்கங்கெட்ட வேலை ஒன்று யோசித்திருந்தார். வெள்ளிக்கிழமை ஒரு மணித்தியாலத்துக்கு ராசிக்காக வந்து இருக்க முடியுமா என்று புவாத்திடம் கேட்டார். புவாத் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"நா வாரன் மச்சான், அது பெரிய வேலையில்ல. ஆனா அந்த மனிசன் என்ட கையப் புடிச்சி மன்னிப்புக் கேட்டா, நா எந்தப் பக்கம் பார்க்கிற?"

அதற்கு மேல் நாகேந்திரம் வற்புறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை தனியாகவே போனார். வண்டிப் புத்தகத்தையும் செல்லையா எழுதிய கடிதத்தையும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். உண்மையைச் சொல்லி, வண்டியையும் திருப்பிக் கொடுத்து, கையில் காலில் விழுந்தாவது இதை முடித்துவிடுவது என்று தீர்மானம். சொல்லிவிட்டால் நெஞ்சுப்பாரம் இறங்கும் என்று முழுதாக நம்பினார்.

செல்லையா சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசி, சேர்ட் போட்டு முன்னறையில் காத்திருந்தார். ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, முஸ்லிம் பேக்கரி ஒன்றில் தேடி வாங்கிய கேக் வைத்திருந்தது. ஜெகதீஸ்வரி குசினிக்குள் நின்றார், கோப்பைச் சத்தம் கேட்டது.

"அவர் எங்கை தம்பி?"

நாகேந்திரம் நின்றபடியே சொன்னார். ராசிக் என்று ஒரு ஆள் இல்லை, வாங்கியது நான்தான், விலையும் அநியாய விலை, நீங்கள் உள்ளே இருந்த மூன்று நாளும் பயத்தில் ஒளித்திருந்தேன். குரல் தணிந்து தணிந்து கடைசியில் அவருக்கே கேட்கவில்லை. உறையை மேசையில் வைத்தார். வண்டி உங்களுடையது ஐயா, காசு ஒன்றும் வேண்டாம் என்றார்.

செல்லையா உறையைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூல் கட்டிய பக்கம் கழன்று வந்தது, அதை மறுபடி பொருத்தப் பார்த்தார், முடியவில்லை. கோபிப்பார், ஏசுவார், ஒரு அறை விட்டாலும் நல்லது என்று நாகேந்திரம் தலையைக் குனிந்து காத்திருந்தார்.

"அங்கை என்னை இருத்தி வைச்சிருந்த மர வாங்கிலை ஒரே ஒரு நினைப்புத்தான் தம்பி. ஒரு பிழையும் செய்யாத ரெண்டு பேரைக் காப்பாத்துறன் எண்டு. அடி விழேக்கையும் அதுதான். இந்தக் கிழட்டு வயசிலை ஒரு உருப்படியான காரியம் செய்தனான் எண்டு இருந்தனான்." கழன்ற கண்ணாடித் தண்டை மடியில் வைத்தார். "நீர் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்."

வண்டியை அரை விலைக்கு எடுத்தது பற்றி ஒரு சொல்லும் இல்லை. தன் பாரத்தை இறக்கி வைக்கத்தான் வந்தோம், இறக்கி வைத்தது இந்த மனுஷனின் தலையில் என்று அப்போதுதான் நாகேந்திரத்துக்கு விளங்கியது. திருப்பி எடுக்கவும் முடியாது.

குசினிக்குள் இருந்து ஜெகதீஸ்வரி, ஆட்கள் வந்துவிட்டார்களா, தேத்தண்ணி கொண்டு வரட்டா என்று கேட்டார். செல்லையா உறையை எடுத்துத் தன் சேர்ட் பொக்கற்றுக்குள் மடித்து வைத்தார். கதிரையைக் காட்டி, இரும் என்று கையால் சொன்னார். பிறகு உள்ளே பார்த்துக் குரலைச் சரிப்படுத்திக்கொண்டார்.

"ராசிக்குக்கு அவசர வேலையாம், வரக் கிடைக்கேல்லை. எங்களிலை ஒரு மனவருத்தமும் இல்லையாம், சொல்லி அனுப்பியிருக்கிறார். தம்பிக்குக் கொண்டாரும்."

ஜெகதீஸ்வரி சந்தோஷத்தோடு வந்து, கேக்கில் பெரிய துண்டாக ஒன்று வெட்டி வைத்து, பொன் கரை போட்ட புதுக் கோப்பையில் தேத்தண்ணியை நாகேந்திரத்தின் கையில் கொடுத்தார். இன்னொரு துண்டை ராசிக்கின் பிள்ளைகளுக்கென்று கடதாசியில் சுற்றினார். செல்லையா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாகேந்திரம் கேக்கைச் சாப்பிட்டு, தேத்தண்ணியையும் குடித்து முடித்து, கடதாசிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எழும்பினார்.