மடித்து வரைந்த முகம்

செண்பகத்தின் வீட்டில் நாற்பத்தொரு நாளாக ஆட்டுக்குட்டிதான் தபால்காரர்.

"ஏ குட்டி, சோறு ஆயிடுச்சான்னு கேளு" என்பார் சின்னக்கண்ணு.

"ஆயிடுச்சாம். கொட்டிக்கினு போவச் சொல்லு" என்பாள் செண்பகம்.

குட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொடியில் தொங்கும் லுங்கியைத் தின்னப் போய்விடும். புருஷன் பெண்சாதிக்கு நடுவில் இதைவிட நாணயமான தூதர் கிடைக்க மாட்டார்.

சண்டை திண்டிவனத்தில் ஆரம்பித்தது. செண்பகத்தின் தம்பி பூவரசன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. சின்னக்கண்ணு விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை தூக்குகிறவர். அன்றைக்கும் விடியற்காலையில் ஒரு லோடு இறக்கிவிட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு பஸ் பிடித்து ஓடியிருந்தார். குடும்பமாக நின்று போட்டோ எடுக்கும்போது பூவரசன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மாமா, நீ கொஞ்சம் அப்டி தள்ளி நில்லு. ஒரு பக்கத் தோளு எறங்கிக்கினு மேடையே சாய்ஞ்சா மாதிரி தெரியுது."

கூட்டம் சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. செண்பகமும் சிரித்துவிட்டாள். சின்னக்கண்ணு மேடையை விட்டு இறங்கினார், பந்திப் பக்கம் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். ஆல்பத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், வாழைமரம்கூட இருக்கிறது. அவர் இல்லை.

சிரித்தது தப்பு என்று செண்பகத்துக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் "தப்பு பண்ணிட்டேன்" என்ற வார்த்தை தொண்டை வரை வரும், அப்புறம் இறங்கிப் போய்விடும். கருவாட்டுக் குழம்பு வைத்துப் பார்த்தாள். அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, குழம்பு நன்றாக இருந்ததென்று ஆட்டுக்குட்டியைத் தடவிக் கொடுத்தார். இப்படியே போனால் பேச்சே இல்லாமல் ஆயுசு ஓடிவிடும் என்ற பயம் அவளுக்கு வந்தது.

அவள் கண்டமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய், ரெடிமேட் கம்பெனியில் காலர் தைக்கிறவள். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்து மிஷின் ஜெசிந்தா, போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒருத்தி கலர் பென்சிலால் ஒரு கிழவரின் முகத்தை வரைந்து, மேலே ஈர பிரஷ்ஷை இழுத்தாள். கோடெல்லாம் கரைந்து அச்சு அசல் தோல் ஆகிவிட்டது.

"இன்னாடி இது, போட்டோ மாதிரி!"

"வாட்டர்கலர் பென்சில்க்கா. தண்ணி பட்டா பெயிண்ட் ஆயிடும்."

போட்டோவில் விட்ட ஆளைத் தாளில் கொண்டுவந்துவிடுவது என்று செண்பகம் அங்கேயே முடிவு கட்டி, சாயங்காலமே அந்தப் பென்சில் பெட்டி ஒன்றும் பிரஷ்ஷும் வாங்கினாள். எட்டாம் வகுப்பில் மாம்பழம் வரைந்ததுதான் அவளுடைய முன் அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி லீவு. மதியம் சாப்பிட்டதும் சின்னக்கண்ணு நடுவீட்டில் பாயைப் போட்டு மல்லாந்துவிடுவார். செண்பகம் வாசற்படியில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். முதல் கோடு இழுக்கும் முன் பென்சில் முனையை நாக்கில் வைத்தாள். இருபது வருஷமாக நூலை எச்சில் தொட்டு ஊசியில் கோத்த பழக்கம். கண்ணாடியைப் பார்த்தபோது வாய் முழுக்க ஊதா. மறுநாள் வரை போகவில்லை. கம்பெனியில் நாவற்பழம் தின்றதாகச் சொல்லிச் சமாளித்தாள்.

அடுத்தது நிறம். பெட்டியில் தோல் நிறம் என்று ஒரு பென்சில் இருந்தது. அந்த நிறத்தில் கண்டமங்கலத்தில் பன்றிக்குட்டிதான் பிறக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழுப்பும் சிவப்புமாகத் தேய்த்தாள். நிழல் விழும் இடத்தில் கொஞ்சம் நீலம் சேர்த்ததும் கன்னம் சின்னக்கண்ணுவின் கன்னமாகவே ஆனது. ஆசையில் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். மூக்கு கரைந்து வாய்க்குள் போனது. பிரஷ்ஷைத் துணியில் ஒற்றிவிட்டுத் தொட வேண்டும் என்பது இரண்டு மூக்கு போன பிறகுதான் புரிந்தது.

மூன்றாம் ஞாயிறு, தொழில் மூளை வேலை செய்தது. பிளவுஸுக்கு முன்பக்கம் வெட்டும்போது துணியை இரண்டாக மடித்துத்தானே போடுகிறோம்? தாளை நட்டநடுவில் மடித்தாள். பாதி முகத்தைப் பார்த்து வரைந்தாள். மடிப்போடு ஜன்னலில் வைத்து, வெளிச்சத்தில் மறு பாதியை அப்படியே நகல் எடுத்தாள். ஒரு நூல் பிசகவில்லை. இரண்டு கண்ணும் ஒரே அளவு, இரண்டு தோளும் ஒரே மட்டம். பிரித்துப் பார்த்தாள். கண், மூக்கு, மீசை, எல்லாம் அவருடையது. ஆள்தான் வேறு யாரோ. போஸ்டரில் சிரிக்கிற கட்சிக்காரர் மாதிரி இருந்தார்.

எங்கே தப்பு? தாளையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அவரை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வலது தோள் இரண்டு விரல் இறங்கியிருந்தது. அந்தப் பக்கக் கழுத்தில் சாக்கு உரசி உரசிக் காய்த்த தோல், செருப்பு வார் மாதிரி. மூட்டைக்கு இடம் விட்டு விட்டுத் தலையே இடது பக்கம் போயிருந்தது. மூட்டை இல்லாத தூக்கத்திலும் தலை இடம் விட்டுத்தான் கிடந்தது.

இதைப் பார்த்தா சிரித்தோம்?

புதுத் தாளை எடுத்தாள். மடிக்கவில்லை. தோளை எங்கே இறங்கியிருந்ததோ அங்கேயே இறக்கினாள். காய்ப்பைப் பழுப்பால் அழுத்தித் தேய்த்து, ஒற்றிய பிரஷ்ஷால் ஓரத்தை மட்டும் தொட்டாள். தாளில் அவர் வந்து படுத்துக்கொண்டார்.

"ஏம்மே, ஆயிடுச்சா? கழுத்து புடிச்சிக்கிச்சி."

செண்பகத்தின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. கண்ணைத் திறக்காமல்தான் பேசினார்.

"யோவ், தூங்கலியா நீ?"

"மூணு வாரமா தூங்கலை. நீ கண்ணு கொட்டாம பாத்துக்கினு இருந்தா எவன் தூங்குவான்? எடு, பாக்கலாம்."

எழுந்து தாளை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். விரல் மெல்லத் தோள் பக்கம் போனது.

"இதை நேரா போட்டிருக்கலாமே."

"போட்டேன். உன்ன மாதிரி இல்ல. கிழிச்சிட்டேன்."

செண்பகம் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்: "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுய்யா."

"ம்." மீசையைத் தடவினார். "உந்தம்பி சிரிச்சான், போவட்டும். நீயும் சிரிச்சியா, அதான் பேஜாராயிடுச்சி."

"தெரியும்."

"படத்துல காது ஒண்ணுதானே இருக்குது?"

"நீ அந்தப் பக்கமாவே படுத்தா நான் இன்னா பண்றது? திரும்பிப் படு."

சின்னக்கண்ணு தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு, மறு காது தெரியத் திரும்பிப் படுத்தார்.