ரோலர் அக்கா பூட்டுக்குள் போகவில்லை

அந்த ஓட்டலின் கீழ்த்தளத்துச் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் ரோலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரமான படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் நுழைத்துச் சுருக்கமில்லாமல் வெளியே எடுப்பது அவள் வேலை. விரிப்பு கொஞ்சம் கோணலாகப் போனாலும், "யார் வீட்டுக் கல்யாணத்துக்குடி இந்த அவசரம்?" என்று எதிரில் நிற்கும் ஜோடிக்காரியை அதட்டுவாள்.

வேலைக்குச் சேர்ந்த பதினேழாம் வருஷம் தோள்பட்டையில் தசைநார் கிழிந்தது. மருத்துவர் இரண்டு வாரத்துக்கு வலுவான வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு எட்டாகியது. போடாத நாளில் மூக்கு ஒழுகும், எலும்பை யாரோ முறுக்குவதுபோல இருக்கும். ஒரே கடையில் கேட்டால் சந்தேகம் வரும் என்று ஐந்து மருந்துக் கடைகளுக்கு முறை வைத்துப் போனாள். இப்படியே இரண்டு வருஷம். ஒருநாள் மதியம் நின்றபடியே கண் சொக்கி, விரிப்போடு கையும் உள்ளே போனது. ஜோடிக்காரி இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்ததால் கை தப்பியது. தோல் மட்டும் முழங்கை வரை வெந்துவிட்டது.

விஷயம் வெளியே வந்ததும் அண்ணன் வந்து நின்றார். தனியாக வாழ்ந்தவளுக்கு அவரை விட்டால் நாதி இல்லை. மறுநாளே அவளைக் காரில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்துக்குக் கூட்டிப்போனார். உயரமான இரும்புக் கதவு. ஜன்னலெல்லாம் கம்பி. கைபேசியை வாங்கி வைத்துக்கொண்ட பொறுப்பாளர், "மூணு மாசம். மருந்து மாயமெல்லாம் கிடையாது, கட்டுப்பாடு மட்டும்தான். எப்பேர்ப்பட்ட ஆளும் இங்க அடங்கிடுவாங்க" என்றார்.

"டாக்டர் எத்தனை மணிக்கு வருவாரு?"

"தேவைப்பட்டா கூப்பிடுவோம்."

"தேவைப்பட்டதாலதானே நான் வந்திருக்கேன்?" என்றவள் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அண்ணன் பின்னாலேயே ஓடிவந்து, "மானத்தை வாங்காதே!" என்றார்.

"அடங்கறதுக்கு வரலண்ணே. குணமாகறதுக்கு வந்தேன்." காரில் ஏறாமல் பஸ் பிடித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வெந்த கைக்குக் கட்டு மாற்றும் நர்ஸ்தான் இரண்டாவது மாடியில் போதை சிகிச்சைப் பிரிவு இருப்பதைச் சொன்னார். அங்கே ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்த டாக்டரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே பொறுமையாக விளக்கினார். படுக்கையில் சேர்ந்தும் பார்க்கலாம், வீட்டிலிருந்து வந்துபோயும் பார்க்கலாம். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் ஒரு மாத்திரை இருக்கிறது. அது உடம்பின் நடுக்கத்தையும் ஏக்கத்தையும் அடக்கும். அதோடு ஆலோசனை, வியாழக்கிழமை தோறும் குழுக் கூட்டம்.

"எதுன்னு நீங்களும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும். வலி மாத்திரையை விட்டு உடம்பு நடுங்க ஆரம்பிச்சதும் வாங்க. அதுக்கு முன்னாடி இதைப் போட்டா கஷ்டம் அதிகமாயிடும்."

வீட்டிலிருந்தே வந்துபோவது என்று முடிவு செய்தாள். மறுநாள் நடுங்கிக்கொண்டே போய் முதல் மாத்திரையை வைத்தாள். ஒரு மணி நேரத்தில் எலும்பை முறுக்கும் வலி தணிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

அண்ணன் விடவில்லை. "ஒரு மாத்திரையை விட்டுட்டு இன்னொண்ணா? பேயை ஓட்டிட்டுப் பிசாசைக் குடிவெச்ச கதைதான்."

"பத்து வருஷமா சக்கரைக்கு மாத்திரை போடறியே, உன்னை யாராவது போதைக்காரன்னு சொன்னாங்களா?"

வாய் இப்படிப் பேசினாலும் அவர் சொன்னது உள்ளே அரித்தது. சிகிச்சையின் ஐந்தாம் மாதம் யாரிடமும் சொல்லாமல் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாள். பதினோராம் நாள் பழைய மருந்துக் கடை வாசலில் நின்றாள். வலி மாத்திரை வாங்கினாள், இரண்டு போட்டாள். மறுநாள் காலை தலையைக் குனிந்துகொண்டு இரண்டாவது மாடிக்கே போனாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. "பழையபடி எட்டைப் போட்டிருந்தா மூச்சே நின்னுருக்கும். விட்ட உடம்பு அந்த அளவைத் தாங்காது. வந்தீங்களே, அது போதும். அடுத்த வாட்டி அண்ணனையும் கூட்டிட்டு வாங்க."

அண்ணன் முறைப்பாகத்தான் வந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு எதுல பயம்?" என்று டாக்டரம்மா கேட்டார். "செத்துருவாளோன்னு பயமா இருக்கும்மா" என்றார் அண்ணன். அதன்பிறகு 'இன்னொரு மாத்திரை' என்ற பேச்சை அவர் எடுத்ததில்லை.

ஓட்டலில் வேறு சண்டை. "உடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துட்டு நீங்களே நின்னுடுங்களேன்" என்றார் மேலாளர்.

"உடம்பு சரியாகிட்டு வருதுன்னு எழுதித் தரேன், வேணுமா சார்?" டாக்டரம்மாவின் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். மூன்று மாதம் துணி மடிக்கும் மேசையில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. மறுபடி ரோலருக்கே அனுப்பினார்கள்.

நாக்குக்கு அடியில் வைக்கும் அந்த மாத்திரை இப்போதும் தொடர்கிறது. எப்போது குறைப்பது என்பதை அவளும் டாக்டரம்மாவும் பேசிக்கொள்வார்கள், ஊரைக் கேட்கப்போவதில்லை. போன வாரம் சாப்பாட்டு அறையில் பாத்திரம் கழுவும் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, அந்த டாக்டர் எங்க இருக்காங்க? வீட்டுக்காரருக்குக் குடி..." என்று காதோடு கேட்டாள்.

"திருட்டா பண்ணிட்ட, குசுகுசுன்னு கேக்கறே?" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் ரோலர் அக்கா. "பெரிய ஆஸ்பத்திரி, ரெண்டாவது மாடி, வலது பக்கம், கடைசி ரூம். குடியையும் திடீர்னு நிறுத்தச் சொல்லாதே, வலிப்பு வந்துடும். முதல்ல அவங்களைப் பார்க்கச் சொல்லு. வரமாட்டேன்னு அடம்பிடிச்சா நீ மட்டுமாவது போ."