அத்தைக்கு ஆறு கை

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, ஓசூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் கம்பெனியில் வேலை பார்த்தாள். படம் வரைவதில் அவளுக்கு அப்படியொரு பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெங்களூருக்கு பஸ் ஏறி, குழாய் குழாயாக எண்ணெய் வண்ணம் வாங்கி வருவாள். வீடெல்லாம் டர்பன்டைன் நாறும். "மனுசன் மூச்சு உட முடியல" என்பார் அப்பா. அவள் காதில் வாங்கினால்தானே!

எனக்கு எட்டு வயதிருக்கும். ஆயுத பூஜைக்கு மாட்ட ஒரு தொழிலாளி படம் வேண்டுமென்று கம்பெனியில் கேட்டார்கள். அத்தை ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்தாள். நீலச் சட்டை, நீண்ட கழுத்து, காதுவரை ஓடும் கண், மோவாயில் ஒரு மச்சம், ஆறு கை. ஒன்றில் கத்தரி, ஒன்றில் ஸ்பேனர், ஒன்றில் டீ டம்ளர், மிச்ச மூன்றும் கம்பி சுற்றிக்கொண்டிருந்தன. தன் மெஷினுக்கு மேலே அந்தப் படம் எப்போதும் தொங்க வேண்டும் என்று கிடந்து தவித்தாள்.

பூஜையன்று எனக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டு என்னையும் கூட்டிப் போனாள். படத்தைப் பார்த்த சூப்பர்வைசர் முகம் சுளித்தார். "என்னம்மா இது? நம்ம லைன்ல யாருக்கு ஆறு கை இருக்குது?"

"நீங்க கேக்கற வேலைக்கு ரெண்டு கை பத்தலீங்க சார்."

பெண்கள் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பூஜை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அத்தையின் முகம் சுண்டிப்போனது. எனக்கே அழுகை வந்தது.

மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். அத்தை குங்குமக் கிண்ணத்தை வாங்கி என் கையில் கொடுத்து, என்னை ஸ்டூல்மேல் ஏற்றினாள்.

"இதுக்கும் ஒரு பொட்டு வெச்சுடு கண்ணு."

வைத்தேன். வண்ணம் இன்னும் காயாததால் குங்குமம் நெற்றியில் அப்படியே பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான்! கன்னடக்கார வாட்ச்மேன் "தாயி, காப்பாடம்மா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ மாலை சாத்தினார்கள், யாரோ கற்பூரம் காட்டினார்கள். கடைசியில் சூப்பர்வைசரும் ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பொட்டு வைத்துக் கும்பிட்ட படத்தை அப்புறம் யார் கழற்றுவார்கள்? நான் கல்லூரிக்குப் போகும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

அத்தையும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். நான் உரக்கச் சொன்னேன்: "அத்தை, சாமிக்கும் உன்னாட்டமே மச்சம் இருக்குது!"

தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

சாமி முன்னால் உண்மையைச் சொன்னது ஒரு குற்றமா என்று வழியெல்லாம் அழுதேன். கிள்ளியவள் ஏன் சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள், தன் பங்குப் பொரியையும் ஏன் எனக்கே கொடுத்தாள் என்பதும் அன்று எனக்குப் புரியவில்லை.