படத்தை மறைத்த கட்டைவிரல்

என் அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பெட்டியில் இருக்கும் பெயரை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூட யாருக்கும் தரமாட்டாள். நிறத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்தால் ஆள் போய்விடுவான்.

அவள் பெற்ற பெண்ணோ மூன்றாம் வகுப்புப் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பாள். எங்களுக்கெல்லாம் பெருமை பிடிபடவில்லை. ஒருநாள் அக்கா குதிரைப் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த சொல்லைப் படிக்கச் சொன்னாள்.

"குரங்கு."

"யாருடி இப்படிச் சொல்லிக்கொடுத்தது?"

"டீச்சர்தாம்மா. தெரியலன்னா படத்தைப் பாரு, முதல் எழுத்தைப் பாரு, ஊகிச்சுச் சொல்லுன்னாங்க."

ஊகிக்கவா பள்ளிக்கூடம்? கடைக்கு வரும், திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் ஒருவர் ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தார். எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் படித்துவிடும் என்று அதில் இருந்தது. அக்கா அதைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோனாள். "அதெல்லாம் தானா வந்துடும்மா" என்றார். தாளைத் தொடக்கூட இல்லை. வயிறு எரியாதா?

அக்காவே களத்தில் இறங்கினாள். மூன்று மாதம், தினமும் காலையில் இருபது நிமிடம். எதிர்வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரையும் பிடித்து உட்காரவைத்தாள். படமில்லாமல் யார் எத்தனை சொல் படித்தார்கள் என்று வாராவாரம் நோட்டில் குறித்தாள்.

நோட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளையை, படிப்பு வராதவர்களை ஒதுக்கி வைக்கும் கடைசிப் பிரிவுக்கு மாற்றப்போகிறார்களாம். அங்கே போன பிள்ளை திரும்பி வந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. நானும் கூடப் போனேன்.

"உங்க பொண்ணுக்குப் படிக்க வரலம்மா. நாங்க என்ன பண்றது?" என்றார் தலைமையாசிரியர். அக்கா நீட்டிய நோட்டை ஓரமாகத் தள்ளினார். பிள்ளை எதிரிலேயே நிற்கிறாள், ஒரு வரி படிக்கச் சொல்லிப் பார்க்கலாமே! ம்ஹூம்.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். பிள்ளை மேசையிலிருந்த தாளில் விரல் வைத்தாள், அம்மா மாதிரியே.

"கற்... கற்கும்... திறன்... குறைவு." நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, என் பேரு போட்டு இப்படி எழுதியிருக்காங்க."

தலைமையாசிரியர் பேனாவை மெல்ல மூடினார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "இவ தப்பிச்சிட்டா, சார். அந்தப் பிரிவுல இருக்கிற மத்த பிள்ளைங்க தாளையும் எடுங்க. அவங்களுக்கும் எழுத்தைச் சொல்லிக்கொடுத்துப் பாத்தீங்களா?" என்றாள்.