ஒதுங்கத் தெரிந்த ரேடியோ

1. ரிசீவரோடு வந்த ஆள்

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அதன் கம்யூனிகேஷன் லேபில் லேப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிச் சில வருடங்கள் பேராசிரியர் லீலா மேடத்தின் ப்ராஜெக்டில் வேலை பார்த்தேன். அதில் நடந்ததை இப்போது இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் லேப் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். அருமனையில் மைக்செட் வைத்திருக்கும் தங்கராஜ். கையில் கார்ட்லெஸ் மைக்கின் ரிசீவர். அதை என் மேஜையில் வைத்த வேகத்தில் சால்டரிங் அயர்ன் உருண்டு விழுந்தது.

"வாட்டர் டேங்குல ஆன்டெனா கெட்டினது நீங்கதானா சாரே? எனக்க மானத்த வாங்கியிட்டீங்களே!"

முந்தைய நாள் ஒரு அடக்க ஆராதனை. இறந்தவரின் மகள் குவைத்திலிருந்து வந்து, சர்ச்சில் நின்று அப்பாவைப் பற்றிப் பேசியிருக்கிறாள். பாதியில் ஸ்பீக்கரில் கரகரவென்று இரைச்சல் வந்தது. மைக்கைத் தட்டினால் இரைச்சல் கூடியது. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பிள்ளைக்க மொகத்தப் பாக்க என்னால முடியல்ல. இனி எனக்க செட்ட யாரு கூப்பிடுவா?"

எங்கள் ஆன்டெனா கட்டுவதற்கு முன் இப்படி ஒருநாளும் நடந்ததில்லை என்றார்.

நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேடம் உள்ளறையிலிருந்து வந்து ரிசீவரைப் பார்த்தார். டிஸ்ப்ளேயில் அதன் அலைவரிசை தெரிந்தது. எங்கள் சிஸ்டத்தின் பதிவுகளைத் திறந்தார். ஞாயிறு மதியம் எங்கள் ரேடியோ லிங்க் தானாக ஒரு புதிய சேனலுக்கு மாறியிருந்தது. இரண்டும் ஒரே அலைவரிசை.

"நாங்கதான் அண்ணே," என்றார் மேடம். "உங்க மைக்குல ஒரு குறையும் இல்ல."

சண்டைக்கு வந்தவர் குனிந்து, உருண்டு விழுந்த சால்டரிங் அயர்னை எடுத்து மேஜையில் வைத்தார்.

2. காலியான இடம்

நாங்கள் செய்துகொண்டிருந்தது காக்னிட்டிவ் ரேடியோ. டிவிக்கென்று ஒதுக்கிய யூ.எச்.எஃப். பட்டையில், எங்கள் மலைப்பக்கத்தில் பல சேனல்கள் சும்மா கிடக்கின்றன. அவற்றைத் தானே தேடிக் கண்டுபிடித்து வேலை செய்யும் ரேடியோ இது. உரிமையுள்ளவர் வந்ததும் விலகிவிடும். ரயிலில் ரிசர்வ் செய்த சீட் காலியாக இருந்தால் உட்காருகிறோம், டிக்கெட்காரர் வந்தால் எழுந்துவிடுகிறோம் அல்லவா, அதுபோல. அந்த 'வந்ததும்' என்ற ஒரு சொல்லில்தான் முழு ஆராய்ச்சியும் இருக்கிறது. வந்தது நமக்கு எப்படித் தெரியும்?

அருமனைக்குக் கிழக்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் சிறிய சுகாதார நிலையம். மொபைல் சிக்னல் கிடையாது. அங்கே எங்கள் பெட்டி ஒன்று, மேட்டிலுள்ள வாட்டர் டேங்கின் மேல் இன்னொன்று. ஈசிஜி எடுத்தால் டேங்க் வழியாகத் தாலுகா ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போய்விடும். நர்ஸ் ஷீலா சிஸ்டர் அந்த வசதிக்கு நன்றாகப் பழகிவிட்டார்.

"தங்கராஜுக்கு வேற சேனல் மாத்திக் குடுத்திரலாம் மேடம், அஞ்சு நிமிஷ வேலை," என்றேன்.

"இவரு வந்தாரு சார். வராத ஆளு எத்தன பேரோ?"

அன்று மத்தியானமே, சிக்னல்களைத் திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினோம். தங்கராஜ் சர்ச்சில் மைக்கைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் சர்ச்சிலிருந்து டேங்க் வரை இடம் இடமாக நிறுத்தி அளந்தோம். சர்ச் வாசலில் மைக்கின் சிக்னல் திரையில் ஊசிபோல் நிமிர்ந்து நின்றது. பாறை வளைவு தாண்டியதும் சாய்ந்தது. டேங்க் மேல் ஏறியபோது இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட்டது.

காரணம் எளிது. மைக்கின் சக்தி மிகக் குறைவு, எங்கள் ஆன்டெனாவின் சக்தி பல மடங்கு. எங்கள் சத்தம் சர்ச்சுக்குள் போய்விழும், சர்ச்சின் சத்தம் எங்களுக்குக் கேட்காது. எங்கள் ரேடியோ சரியாகத்தான் கவனித்திருக்கிறது. ஆனால் கவனித்த இடம் தப்பு.

திரும்பும் வழியில் மேடம் ஜீப்பைச் சர்ச் முன் நிறுத்தச் சொன்னார். உள்ளே போய், அந்தப் பெண் பேசிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

3. நாமே சொல்வது

யாரும் புகார் எழுதவில்லை. தங்கராஜும் சமாதானமாகிவிட்டார். மேடம் மட்டும், எங்களால் இடையூறு நேர்ந்தது என்று, இந்தப் பரிசோதனைக்கு உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு மெயில் எழுத உட்கார்ந்தார்.

பிரின்சிபால் லேபுக்கே வந்துவிட்டார். "லீலா, அந்த மைக்குக்குப் பாதுகாப்பு குடுக்கணும்னு நம்ம லைசென்ஸ்ல எங்கயும் எழுதல்ல. ரிவ்யூ கமிட்டி வரப்போற நேரம். மூணு பிள்ளைகளுக்க பிஎச்டி இதுல கெடக்கு. நமக்கு நாமளே குழி வெட்டணுமா?"

"அந்தப் பிள்ளைகள் நாளைக்கு இதே ரேடியோவ ஊர் ஊரா வைப்பாங்க சார். மறைக்கிறதயும் எங்கிட்டயே படிச்சிட்டுப் போகட்டுமா?"

மெயில் போனது. ட்ரான்ஸ்மிஷனை நிறுத்தச் சொல்லிப் பதில் வந்தது. திருத்தம் செய்து காட்டினால் பரிசீலிப்போம் என்று ஒரு வரி இருந்தது. மேடமே டேங்கில் ஏறி ஸ்விட்சை அணைத்தார்.

அதற்கான வசவை ஷீலா சிஸ்டரிடம் வாங்கினோம். லிங்க் இல்லாததால் அவர் ஈசிஜி தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, சிக்னலுக்காக மேட்டில் ஏறி ரோட்டுக்கு வர வேண்டியிருந்தது. நாங்கள் போனபோது மூச்சிரைக்க இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"ஒரு மைக்குக்கு வேண்டியா எனக்க லைன நிறுத்தினீங்க? நெஞ்சுவலின்னு ஒரு அப்பச்சன் உள்ள கெடக்காரு. அவருக்கு வல்லதும் ஆச்சுன்னா யாரு பதில் பறைவா?"

எங்கள் ஜீப்பிலேயே அந்தப் பெரியவரைத் தக்கலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அவர் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் மேடம் சொன்னார்: "சிஸ்டர் கேட்டது நியாயம் சார். நான் நிறுத்தினதும் நியாயம். ரெண்டுக்கும் சேத்து ஒரு வழி கண்டுபிடிக்கணும், அதுவும் சட்டுனு."

4. பல காதுகள்

எவ்வளவு மெல்லிய சிக்னல் வந்தால் 'ஆள் உண்டு' என்று கொள்வது என்ற எல்லையைக் கீழே இறக்கிப் பார்த்தோம். ரேடியோ வெறும் இரைச்சலைக் கேட்டெல்லாம் யாரோ வந்துவிட்டதாகப் பயந்து ஓடியது. லிங்க் ஒரு சேனலில் நிலைக்கவே இல்லை. அந்த வழி அடைபட்டது.

பிறகு மேடம் வேறு விதமாக யோசித்தார். கேட்கிற வேலையை டேங்கிடம் மட்டும் விடாமல் பலரிடம் பிரித்துக் கொடுப்பது. டிபன் டப்பா அளவில் சென்சார் பெட்டிகள் செய்தோம். ஒன்று சர்ச் கூரையில், ஒன்று அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் பதியின் பக்கத்து வீட்டு மாடியில், ஒன்று சந்தையில் ஒரு சாயாக்கடைமேல். அந்தப் பக்கமெல்லாம் மொபைல் சிக்னல் உண்டு, அதன் வழியே டேங்குக்குத் தகவல் வரும்.

ஆராய்ச்சி மாணவர்கள், பெரும்பான்மை பெட்டிகள் 'ஆள் உண்டு' என்றால் விலகலாம் என்றார்கள். அடிக்கடி விலக வேண்டியதில்லை, வேகம் நன்றாக வரும். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பெட்டி சொன்னாலும் விலக வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து தகவலே வரவில்லை என்றால், அங்கே ஆள் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வேகம் குறைந்தது. ஒரு மாணவன் முகம் சுளித்தான்.

"மக்கா, பேப்பர்ல கிராஃப் கொஞ்சம் தாழ்ந்துதான் வரும். வரட்டும்," என்றார் மேடம்.

அளவீடுகளை அனுப்பினோம். நிபந்தனைகளோடு மறுபடி அனுமதி கிடைத்தது. அடுத்த வாரமே, ப்ராஜெக்டை விரிவாக்கலாமா என்று முடிவு செய்யும் ரிவ்யூ கமிட்டி வந்தது.

5. ரிவ்யூ

சுகாதார நிலைய வராந்தாவில் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் சென்னைக்காரர், கறாரான மனிதர். திரையில் தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். ஷீலா சிஸ்டர் ஈசிஜி அனுப்பத் தொடங்கியதும் படம் உறைந்து நின்றது.

தலைவர் பேனாவைத் திறந்தார். "லிங்க் போயிடுச்சா?"

மேடம் மானிட்டரைப் பார்த்தார். சர்ச் கூரைப் பெட்டியில் சிவப்பு.

"போகல்ல சார். ஒதுங்கியிருக்கு. யாரோ மைக் போட்டிருக்காங்க." என் பக்கம் திரும்பினார். "தங்கராஜ் அண்ணன கூப்பிடுங்க சார், சிஸ்டர் மேசைல இருக்கிற லேண்ட்லைன்ல."

ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாரே, கல்யாணம் நடக்கு, பைய பேசும்," என்று கிசுகிசுத்தார் தங்கராஜ்.

"மைக் எப்படி இருக்கு?"

"நீரே கேட்டுக்கிடும்," என்றவர் போனை ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். போதகரின் குரல் வராந்தாவில் ஒலித்தது. இந்த மனிதரைக் கணவராக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று கேட்டார். ஒரு நொடி அமைதி. இரைச்சல் துளியும் இல்லை. பிறகு, மெதுவாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக ஒரு பெண்குரல்: "சம்மதம்."

ஷீலா சிஸ்டர் கைதட்டிவிட்டார். அதற்குள் திரையில் டாக்டரும் அசையத் தொடங்கியிருந்தார். ரேடியோ வேறொரு காலிச் சேனலைப் பிடித்துவிட்டது. ஈசிஜி போய்ச் சேர்ந்தது.

தலைவர் எதையும் உடனே பாராட்டவில்லை. வேகம் போதாது, மாறும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று குறைகளைச் சொன்னார். நாங்கள் கேட்டதில் பாதியளவுக்குத்தான் விரிவாக்கம் கிடைத்தது. ஆனால் கிளம்பும்போது மேடத்திடம், "உங்க ரேடியோவால என்ன தப்பு நடந்துச்சுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அதனாலதான் மத்ததை நம்ப முடியுது," என்றார்.

அந்த வேலையைப் பற்றி மேடம் எழுதிய ஆய்வுக் கட்டுரை, அடக்க ஆராதனையில் எங்கள் ரேடியோ செய்த இடையூறிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று மாணவர்களும் பட்டம் வாங்கினார்கள். முகம் சுளித்தவன் இப்போது வேறொரு மாநிலத்தில் இதே வேலையைச் செய்கிறான். ஒரு பெட்டி சொன்னாலும் விலக வேண்டும் என்ற விதியை அவன் அங்கேயும் மாற்றவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நாற்பது வருடத்துக்குப் பக்கம் லேபில் இருந்துவிட்டேன். கெட்டிக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கள் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்காதவர் ஒருவரும் இல்லை. அந்தக் கருவியால் யாருக்குக் கெடுதல் வருமோ, அவர் நின்ற இடத்தில் போய் நின்று பார்த்தவர் எனக்குத் தெரிந்து லீலா மேடம் ஒருவர்தான். நீங்கள் கருவி செய்தால், ஒரு தடவையாவது அப்படிப் போய் நின்று பாருங்கள்.