நான் அளக்காத எட்டு சிலிண்டர்கள்

அந்த எட்டு எண்களையும் நான்தான் இட்டுக்கட்டினேன்.

ஒரு பழைய என்ஜினின் எட்டு சிலிண்டர்களிலும் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று ஒரு பெண் என்னைக் கேட்டாள். நான் அளக்கவே இல்லை. அளந்ததாகச் சொன்னேன். அந்தப் பொய்க்கான பழியை ஆறு ஆண்டுகளாக அவள் சுமக்கிறாள். அவளுக்கு இன்றுவரை தெரியாது... உங்களிடம்தான் முதன்முதலாக வாய் திறக்கிறேன்.

அவள் பெயர் பூங்கொடி. என் நண்பன் குமரேசனின் மனைவி. நாமக்கல்காரி. ஆட்டோமொபைல் என்ஜினியரிங் படித்தவள். ஆனால் ஹூஸ்டனுக்கு வந்த நாள் முதல் அவள் வெறும் டிபென்டென்ட். கணவனைச் சார்ந்து வந்தவள் வேலை செய்யக் கூடாது என்கிற விசா. படித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்!

குமரேசன் ஏதோ ஒரு வேகத்தில் அறுபத்தெட்டாம் ஆண்டுக் கார் ஒன்றை வாங்கி வந்து கராஜில் நிறுத்தினான். என்ஜின் செத்துப்போன கார். இரண்டே வாரத்தில் அவனுக்குச் சலித்துவிட்டது. அவள் எடுத்துக்கொண்டாள். பிரேக், வயரிங், துரு... ஒவ்வொன்றாய்ச் சரி செய்தாள். அதுவரை விருந்துகளில் யாராவது "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "சும்மா வீட்லதாங்க இருக்கறேன்" என்பாள். இப்போது, "ஒரு கார் பண்ணிட்டிருக்கறனுங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் கழுத்து நிமிர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பார்த்திருந்தும்தான் அதைச் செய்தேன்.

காருக்கு ஏற்ற பழைய என்ஜின் ஊருக்கு வெளியே, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒரு சால்வேஜ் யார்டில், அடிபட்ட டிரக் ஒன்றுக்குள் இருப்பதை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். போக வேண்டிய நாள் சனிக்கிழமை. அன்று அவள் தமிழ்ப்பள்ளியில் சம்பளமில்லாமல் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் நாள். குமரேசன் சிரித்தான்.

"நீ ஏன் கவலைப்படறே? இவன் மெக்கானிக்கல்டி! கோயம்புத்தூர்ல ஃபர்ஸ்ட் கிளாஸ்."

ஆம், நான் மெக்கானிக்கல். கல்லூரியில் எடுத்த பிரிவு எங்கள் ஆட்களிடம் சாகும்வரை பெயருக்குப் பின்னால் ஓடி வரும். படிப்பு முடியுமுன்பே சாஃப்ட்வேர் கம்பெனி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. இருபது ஆண்டுகளில் நான் ஸ்பேனர் பிடித்தது அட்டைப்பெட்டியில் வந்த கட்டிலைப் பூட்டுவதற்கு மட்டும்தான். அதைச் சொல்லியிருக்கலாம். "எனக்கொண்ணும் தெரியாதும்மா" என்று ஒரு வரி... ஏன் வரவில்லை? ஏன்?

அவள் ஒரு தாளில் எழுதித் தந்தாள். என்ஜினின் உடம்பான பிளாக்கின் பின்பக்கம் வார்ப்பில் ஓர் எண் இருக்கும். வெளித்தோற்றத்தில் எல்லா என்ஜினும் ஒன்றுபோலிருக்கும், அந்த எண்தான் எந்த வகை, என்ன அளவு என்று காட்டிக்கொடுக்கும். பிறகு ஆயில் மூடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பால்போல் ஏதாவது ஒட்டியிருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். கடைசியாக, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எட்டு சிலிண்டர்களிலும் கேஜ் வைத்து அழுத்தம் அளக்க வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு கொறஞ்சாலும் வேண்டாமுங்ணா. விட்டுட்டு வந்துருங்க."

யார்டில் குமரேசன் பேரம் பேச ஆபீஸ் அறைக்குள் போனான். நான் டிரக்கின் முன்னால் நின்றேன். வார்ப்பு எண்ணைத் தேடிப் பிடித்தேன். பொருந்தியது! எண்களைப் படிப்பது எனக்குக் கைவந்த வேலையல்லவா... ஏதோ பெரிதாய்ச் சாதித்துவிட்ட மிதப்பு.

அடுத்து ஆயில் மூடியைத் திருப்பினேன். அடியில் பால் கலந்த டிகாஷன் நிறத்தில் ஒரு பசை.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். ஹூஸ்டனின் ஈரக்காற்றுக்கு எந்த மூடியும் இப்படித்தான் வியர்க்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? பாக்கெட்டிலிருந்து டிஷ்யூ எடுத்துத் துடைத்தேன்! சந்தேகத்தை மட்டுமா துடைத்தேன்...

யார்டுக்காரர் ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து வைத்தார். மாட்டித் தருகிறேன், என்ஜினைச் சுழற்றி அளந்து பார்த்துக்கொள் என்றார். கைகளைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார். அந்தப் பார்வை! என் பையில் கேஜ் இருந்தது. எதை எங்கே திருக வேண்டும் என்று தெரியவில்லை. முந்தின நாள் வீடியோ பார்த்திருந்தேன். ஒன்றும் நினைவில் இல்லை. ஒரு பிளக் உடைந்துவிட்டால்? அவர் சிரித்துவிட்டால்? குமரேசன் வந்து பார்த்துவிட்டால்? வேண்டாம், பேட்டரி தேவைப்படவில்லை என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அப்போது குமரேசன் போனைப் பார்த்தபடி ஓடி வந்தான்.

"மச்சி, முடிஞ்சுதா? ஒம்போதுக்கு ராகு காலம். அதுக்குள்ள பேசி முடிச்சறணும்."

ராகுவுக்கு யாருடா டெக்ஸாஸுக்கு விசா குடுத்தா என்று அவனைப் பலமுறை கிண்டல் செய்தவன் நான். அன்று அந்த ராகுவின் நிழலில் போய் ஒண்டிக்கொண்டேன்.

"முடிஞ்சுதுடா. நல்ல நேரம் தாண்டறதுக்குள்ள சொல்லிடு."

மாலையில் பூங்கொடி போன் செய்தாள். குரலில் மூச்சிரைப்பு.

"அண்ணா, ரீடிங்ஸ் சொல்லுங்ணா. எழுதிக்கறேன்."

இன்னும் நேரம் இருந்தது, பாருங்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நூற்றைம்பது என்றேன். நூற்று நாற்பத்தெட்டு. நூற்று ஐம்பத்திரண்டு... எட்டையும் சொன்னேன். ஒன்றை மட்டும் கொஞ்சம் குறைத்தேன், உண்மைபோல் இருக்க வேண்டுமே! என் வாழ்நாளில் நான் அத்தனை கவனமாகச் செய்த கற்பனை வேறில்லை.

"சூப்பருங்ணா! அப்ப மேல் ஹெட்டக் கழட்டிப் பாக்கத் தேவையே இல்ல."

கழற்றியிருந்தால் கண்டுபிடித்திருப்பாள். என்னை நம்பினாள். கழற்றவில்லை.

என்ஜின் வந்தது. சுத்தம் செய்தாள், கசிவைத் தடுக்கும் வெளிப்புறக் கேஸ்கெட்டுகளை மட்டும் மாற்றினாள், காரில் இறக்கினாள். ஒரு ஞாயிறு காலையில் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற, கார் உறுமிக்கொண்டு வெளியே வந்தது. அவள் அழுதாள். நாங்கள் கைதட்டினோம். நான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன்...

அடுத்த ஞாயிறு ஃப்ரீவேயில் வெள்ளைப் புகை. இழுத்துப் போன ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பிளாக்கில் விரிசல். பழையதா புதியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வாங்கும்போது அளந்தீர்களா?

பூங்கொடி தன் நோட்டை நீட்டினாள். என் கற்பனை, அவளுடைய அழகான கையெழுத்தில்! அவர் எட்டு எண்களையும் படித்தார். இவை சரியென்றால் வரும்போது என்ஜின் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, மாட்டும்போதுதான் ஏதோ தவறியிருக்கிறது என்றார்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். நானும் பார்த்தேன்.

"ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தறப்ப உள்ள காத்து நின்னுருச்சாட்ட இருக்குது. அதான் சூடேறி வெடிச்சிருக்கும். நாந்தான் கவனிக்கல" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். செய்யாத தவறுக்கு அவளே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள்! நான் தரையில் கிடந்த ஒரு நட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் ஒவ்வொரு விருந்திலும் குமரேசனுக்கு ஒரு கதை கிடைத்தது.

"என் வொய்ஃப் கைல ஒரு என்ஜினக் குடுத்தேன்ப்பா. சாம்பார் வெச்சுட்டா!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நான் சிரித்தேனா என்று கேட்கிறீர்களா? சிரித்தேன். கார் யாருக்கோ கைமாறிப் போனது. யாராவது கேட்டால் மறுபடியும், "சும்மா வீட்லதாங்க இருக்கறேன்."

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முதல் வாரம் வெட்கம். பிறகு பயம். பிறகு... பழக்கம். அவர்கள் வீட்டுக் காபி அப்படியே இனித்தது. அதுதான் எனக்கு இன்னும் விளங்காத கொடுமை.

போன மாதம் அவளுக்கு வேலை செய்யும் அனுமதி வந்தது. பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. என்னைப் போனில் அழைத்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணும். அன்னிக்கு நான் எங்க தப்புப் பண்ணுனேன்? மெக்கானிக்கல் படிச்சவரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மறைக்காம சொல்லுங்ணா. அது தெரியாம இன்னொருத்தர் வண்டில கை வெக்கறதுக்குப் பயமா இருக்குது."

சொல் என்றது உள்ளே ஒன்று. இதோ கேட்கிறாள், கேட்டே விட்டாள், சொல்! வாய் திறந்தேன்.

"அதையே நெனச்சுட்டு இருக்காதம்மா. யாருக்கு வேணா நடக்கறதுதான். நாங்க யாரும் உன்னத் தப்பா நெனைக்கல."

மன்னித்துவிட்டேன்! நான் செய்த குற்றத்துக்கு அவளை மன்னித்துவிட்டேன்...

"தேங்க்ஸுங்ணா" என்றாள்.

அந்த வேலைக்கு அவள் போகவில்லை.