மூன்றாம் அணியில் ரேலின்

டானெட் கோம்ஸுக்கு நாற்பத்தேழு வயது. பகலில் பல் மருத்துவர் ஒருவரின் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல், மூடிப்போன ஒரு கம்பளக் கடையை வாடகைக்குப் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சியர் பயிற்சி கொடுப்பாள்; பாட்டுக்குக் குதித்து, ஒருத்தியை மற்றவர்கள் தூக்கி நிறுத்தி ஆடும் அணி ஆட்டம் அது. கிழக்குக் கென்டக்கியில் எங்கள் மாவட்டத்தில் பெண்பிள்ளை பெற்ற அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். அவள் மெத்தைத் தரையில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணினால் எதிரே பெட்ரோல் போடுகிறவனுக்குக் கேட்கும்.

அவள் புருஷன் ஒரு நாள், நீ என்னைக் கட்டிக்கொண்டாயா சியரைக் கட்டிக்கொண்டாயா என்று கேட்டான். அது சொன்ன நேரத்துக்கு வருகிறது, நீ வருவதில்லையே என்றாள் இவள். அதோடு அவன் போய்விட்டான். வாய் அப்படி.

அந்த வாய்தான் அவளைப் பெரிய மனுஷியாக்கியது. போன கோடையில் சியர் சொல்லிக்கொடுக்கிற சின்னச் சின்ன ஜிம்காரர்கள் எல்லாம் ஒரு ஓட்டல் கூடத்தில் கூடினார்கள். பெரிய ஊர் ஜிம் ஒன்று, முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏழு அணி என்று கணக்குக் காட்டுவது அவர்களுக்கெல்லாம் நெடுநாள் எரிச்சல். கெட்டிக்காரப் பிள்ளையே எல்லா அணியிலும் ஆடும். உடை மட்டும் மாறும். டானெட் எழுந்து மைக்கைப் பிடித்தாள். முழங்கால் இரண்டிலும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் நான்காவது ஆட்டத்துக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணைத் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். அது பிள்ளையா, வாடகை வண்டியா என்று கேட்டாள். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. இந்த வட்டாரப் போட்டிகளில் ஒரு பிள்ளை ஒரு நாளில் இரண்டு அணிக்கு மேல் ஆடக்கூடாது என்ற விதி அப்படித்தான் வந்தது. அதை ‘டானெட் விதி’ என்றே சிலர் சொன்னார்கள். அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போட்டி. டானெட்டிடம் மூன்று அணி: ரூபி, ஓபல், பேர்ல். பதினாலு வயது ரேலின் ராட்லிஃப் ரூபியிலும் ஓபலிலும் இருந்தாள். மேலே ஏறிச் சிரிக்கிற பிள்ளை இல்லை அவள். அடியில் நின்று, ஏறுகிறவளின் பாதத்தை நெஞ்சுக்கு நேரே தாங்குகிறவள். அவள் பிடித்த கால் நழுவியதில்லை. பேர்ல் அணியில் அந்த வேலை பிரைலி கிரம் என்ற பெண்ணுக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரியே பிரைலிக்கு வாந்தியும் காய்ச்சலும் வந்து படுத்துவிட்டாள்.

பிரைலி இல்லையென்றால் பேர்லில் மேலே ஏறுகிற எட்டு வயது ஜூனியைத் தூக்க ஆளில்லை. ஒரு தூக்கலை விட்டுவிட்டு ஆட வேண்டும்; மதிப்பெண் போகும். பேர்ல் அணி அதுவரை ஒரு முறைகூட முதலில் வந்ததில்லை. ஜூனி அந்த வாரம் முழுக்க யாரைப் பார்த்தாலும் நான் மேலே ஏறப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்காகத்தான் என்று டானெட் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பாதி உண்மை. மீதிப் பாதி, மூன்று கோப்பையோடு ஊர் திரும்ப வேண்டும் என்ற ஆசை.

எங்கள் சியர்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அணியில் அத்தனை பிள்ளைக்கும் ஒரே சுருட்டைக் குதிரைவால், உச்சியில் ஒரே பெரிய ரிப்பன், கண்ணிமைமேல் ஒரே ஜிகினா. பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கே தன் மகள் எவளென்று தெரியாது. டானெட் அதில் மகா கண்டிப்பு. ஒரு முடி பிசகினால் ஸ்ப்ரே டப்பாவோடு வருவாள். அந்தக் கண்டிப்புதான் அன்றைக்குக் கைகொடுத்தது. யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியாது.

நுழைவாயிலில், ஒரு பிள்ளை ஆடுகிற ஒவ்வோர் அணிக்கும் ஒரு காகிதப் பட்டையை அதன் மணிக்கட்டில் ஒட்டுவார்கள். ரேலின் கையில் அதற்குள் இரண்டு பட்டை. அவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலால் இரண்டையும் டானெட் வெட்டினாள்.

“வாசல்ல பேரு கேட்டா பிரைலி கிரம்னு சொல்லு. ரெண்டரை நிமிஷந்தான், கண்ணு. ஜூனிக்காக.”

ரேலின் ஏன் என்று கேட்கவில்லை. முழங்கால் வலிக்குது கோச், கொஞ்சம் ஐஸ் இருந்தா குடுங்க என்று மட்டும் கேட்டாள். டானெட் பையிலிருந்து ஐஸை எடுத்தாள். கட்டும்போது தான் மைக்கில் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. வராமல் என்ன? காது சுட்டது. ஆனாலும் முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

பேர்ல் ஆடியது. ஜூனி மேலே ஏறி நின்று சிரித்தாள். அடியில் ரேலின் அசையாமல் தாங்கினாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. டானெட் எண்ணுவதற்காக வாயைத் திறந்தாள், வழக்கமான அந்தக் குரல் வரவில்லை.

முடிவு சொல்லுமுன் லோவெல் ஸ்டம்போ அவளைத் தேடிக்கொண்டு வந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மூன்று சின்ன அணிகளை வைத்துப் பயிற்சி கொடுப்பவன். அவன் அணி ஒன்றும் பேர்லின் பிரிவில்தான். அந்த அணிப் பிள்ளை ஒன்றுக்கும் காய்ச்சல். ஒரு தூக்கலை விட்டுவிட்டு ஆடினார்களாம். பெரிய பிள்ளை ஒருத்தி நான் நிற்கிறேன் என்றாளாம். ஏற்கெனவே இரண்டு அணியில் ஆடியவள் என்பதால் இவன் மறுத்துவிட்டானாம்.

“பிள்ளைங்க மூஞ்சி தொங்கிப்போச்சு, டானெட். ஆனா நீ அன்னிக்குப் பேசினத அவங்ககிட்ட சொன்னேன். புரிஞ்சுக்கிட்டாங்க. உனக்குத்தான் நன்றி சொல்லணும்” என்றான்.

அவன் கிண்டல் செய்திருந்தால்கூடத் தேவலை. மனதாரச் சொன்னான். டானெட், பிள்ளைங்க நல்லா ஆடினாங்க லோவெல் என்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் ஸ்ப்ரே டப்பாவைத் தேடுவதுபோலப் பைக்குள் குனிந்துகொண்டாள்.

பிள்ளைகள் எல்லோரும் மெத்தையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பேர்ல் முதலிடம். லோவெலின் அணி இரண்டாமிடம், அரை மதிப்பெண்கூட வித்தியாசமில்லை. அதோடு விட்டார்களா? அன்றைக்கு அடியில் நின்று மிக நன்றாகத் தாங்கிய பிள்ளைக்கு நடுவர்கள் தனிப் பதக்கம் ஒன்று வைத்திருந்தார்கள். பேர்லில் இடதுபுறம் நின்ற பெண் என்றார்கள். ரேலின் எழுந்து போனாள். அறிவிப்பாளர் மைக்கை அவள் வாயருகே நீட்டி, உன் பெயரென்ன அம்மா என்றார்.

“பிரைலி கிரம்.”

மேலே நாலாவது வரிசையில் அவள் அப்பா ராய்ஸ் ராட்லிஃப் நின்றுகொண்டிருந்தான். எங்கள் ஊர் அப்பாக்கள் எல்லோரையும்போல அவனும் ‘ரேலினின் அப்பா’ என்று மின்னுகிற எழுத்தில் அச்சடித்த பனியன் போட்டிருந்தான். கைதட்டத் தூக்கிய இரண்டு கையும் அப்படியே நின்றன. டானெட் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் ராய்ஸ் மகளைத் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு டானெட்டிடம் வந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. ஆனால் கோபம் டானெட்மேல் இல்லை.

“கோச், இவ எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா. பிரைலிக்கு முடியலன்னு இவளா போயி அவ பேரச் சொல்லிக்கிட்டு நின்னிருக்கா. மூணு அணி, ஒரே மாதிரி ரிப்பன், நீங்க யாரைன்னு பாப்பீங்க? அந்த விதிய உண்டாக்கினதே நீங்கதான். உங்க மானத்தையில்ல வாங்கிட்டா. மன்னிப்புக் கேளுடி.”

ரேலின் தன் ஷூவைப் பார்த்தபடி சொன்னாள். “மன்னிச்சிருங்க, கோச்.”

அப்பா கேட்டிருக்கிறான், கோச்சைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பிள்ளை பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறது. டானெட்டுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்த நொடியிலேயே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் ஜூனியின் அம்மா, மற்ற அம்மாக்கள், கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிள்ளைகள்.

“பரவாயில்ல, கண்ணு” என்றாள் டானெட்.

தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. ரேலின் நிமிர்ந்து ஒரு தரம் அவளைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. இவ்வளவுதானா நீங்கள் என்று பார்த்தாள். அப்பாவோடு திரும்பி நடந்துவிட்டாள்.

நாற்பத்தேழு வருஷத்தில் டானெட் அப்படிக் கூசியதில்லை. புருஷன் போன அன்றைக்குக்கூட நிமிர்ந்துதான் நடந்தாள். இன்றைக்குத் தன் கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மதிப்பெண் மேசைக்குப் போனாள். அங்கிருந்த பெண்ணிடம், பேர்லில் ஆடியது ரேலின், மூன்றாவது அணி, அனுப்பியது நான் என்றாள். அந்தப் பெண் ஏதோ கேலி என்று முதலில் சிரித்தாள். பிறகு பேனாவை எடுத்துப் பேர்லின் பெயரை அடித்தாள். இந்த வருஷம் மீதிப் போட்டிகளுக்கு உங்கள் ஜிம்மைச் சேர்க்க முடியாது, உங்களுக்கே தெரியும் என்றாள். தெரியும், அந்தத் தண்டனையை எழுதச் சொன்னவளும் டானெட்தான்.

பதக்கங்களை ஒவ்வொரு கழுத்திலிருந்தாகக் கழற்றினாள். ஏன் என்று ஜூனி கேட்டாள். நான் தப்புப் பண்ணிட்டேன் என்றாள் டானெட். நீங்க ஆடவே இல்லையே என்றது குழந்தை. கோப்பையை லோவெலிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். அவன் நான்கு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். ராய்ஸின் லாரி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ரேலின் உள்ளே உட்கார்ந்து மடியில் அந்தத் தனிப் பதக்கத்தை வைத்திருந்தாள். டானெட் கண்ணாடியைத் தட்டினாள். ராய்ஸ் இறக்கினான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: பட்டையை வெட்டியது, பெயரைச் சொல்லச் சொன்னது, ஐஸ் கட்டியது. மேசையில் போய் ஒத்துக்கொண்டதையும் சொன்னாள். அவ மேல ஒண்ணுமில்ல ராய்ஸ், முழுக்க என் மேலதான் என்றாள்.

ராய்ஸ் மகளைத் திரும்பிப் பார்த்தான்.

“எம்பொண்ணு தலைகுனிஞ்சு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டா. நீங்க பரவாயில்லன்னு சொன்னீங்க” என்றான்.

ரேலின் அப்பாவைத் தாண்டிக் கையை நீட்டி, பதக்கத்தை அவளிடம் கொடுத்தாள். ராய்ஸ் கண்ணாடியை ஏற்றினான்.